மாதம் ஒரு ஞாயிறு, ஒரு ஆற்றங்கரை: இங்கிலாந்துத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ச் சங்க, தமிழ்ப் பள்ளி, கோயில் நிர்வாகக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உங்கள் ஆண்டு நிகழ்ச்சி நிரலில் பொங்கல் விழா இருக்கிறது, விளையாட்டுப் போட்டி இருக்கிறது, கலைவிழா இருக்கிறது, கோடையில் ஒரு கோச் எடுத்துக் கடற்கரைக்கோ தீம் பார்க்குக்கோ போய்வருவதும் இருக்கிறது. இவற்றோடு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஓர் ஆற்றங்கரையில், வயலோரத்தில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் மலையேற்றத்தைச் சொல்லவில்லை. எழுபது வயது அம்மாவும் ஏழு வயதுப் பேரனும் பேசிக்கொண்டே போகக்கூடிய சமதரை நடையைச் சொல்கிறேன்.

யாருக்காகக் கேட்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பகல் முழுக்கத் தனியாக இருக்கும் பெரியவர்களுக்காக. பிள்ளைகளோடு நிரந்தரமாக வந்துவிட்டவர்கள் ஒரு பக்கம்; ஆறு மாத விசாவில் பேறுகாலம் பார்க்க வந்து, பேரக்குழந்தையையும் சன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு பக்கம். ஊரில் தினமும் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தவர்கள் இவர்கள். இங்கே வார இறுதியில் மகன் காரில் கூட்டிப்போனால்தான் வெளியுலகம், அதுவும் பெரும்பாலும் ஷாப்பிங் சென்டர். நம் பிள்ளைகளும் கிராமப்புறத்தை மோட்டார்வேயில் போகும்போது கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி.

இத்தனைக்கும் இந்த நாட்டில் நடப்பதற்கு இருக்கும் வசதி சாதாரணமானதல்ல. இங்கிலாந்திலும் வேல்சிலும் சேர்த்துச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குச் சட்டப்படி பதிவான பொதுவழிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனியார் நிலங்களின் ஊடாகவே போகின்றன. நிலம் விவசாயியுடையது, அதன் மேல் நடந்துபோகும் உரிமை எல்லோருடையது. டிக்கெட் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று யாரும் கேட்பதில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஒவ்வொரு கவுண்டியும் இந்த வழிகளை வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும் என்று சொன்னது. அப்படிக் குறித்த பாதையில் பல வருடம் யாருமே நடக்காவிட்டாலும் உரிமை செத்துப்போகாது. வரைபடத்தில் ஏறாமல் விட்டுப்போன பழைய பாதைகள்தான் சிக்கல். அவற்றைப் பதிவுசெய்ய வைத்திருந்த கெடு முதலில் 2026, பிறகு 2031. கெடுவையே எடுத்துவிடப் போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. பொதுமக்கள் தடையில்லாமல் 20 ஆண்டு நடந்துவந்த தடத்தைப் பொதுவழி என்று கோரவும் சட்டத்தில் இடமுண்டு. நடக்க நடக்கத்தான் பாதை என்பது இங்கே வெறும் பேச்சில்லை.

எங்கே போவது? எனக்குப் பிடித்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மேனிங்ட்ரீ. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து சற்று நடந்தாலே ஸ்டூர் ஆறு. எசெக்ஸுக்கும் சஃபோக்குக்கும் பெரும்பாலும் இந்த ஆறுதான் எல்லை. கரையோரமாகவே போனால் சுமார் மூன்று கிலோமீட்டரில் ஃபிளாட்ஃபோர்ட் என்ற சின்னஞ்சிறு இடம் வரும்: ஒரு மில், ஒரு மரப்பாலம், கூரை வேய்ந்த ஒரு குடிசை, ஒரு மதகு. அங்கிருந்து இன்னும் இரண்டரை கிலோமீட்டர் போனால் டெடம் கிராமம், அதன் தேவாலயக் கோபுரம் புல்வெளிக்கு மேல் தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டிருக்கும். வழி நெடுகிலும் கிளை வெட்டிவிட்ட வில்லோ மரங்கள், மேயும் மாடுகள், அசையாமல் மிதக்கும் அன்னங்கள். ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை.

இந்த மூன்று கிலோமீட்டரில் ஒரு பெரிய ஓவியரின் வாழ்க்கையே இருக்கிறது. ஜான் கான்ஸ்டபிள் 1776இல் பக்கத்து ஊரான ஈஸ்ட் பெர்கோல்ட்டில் பிறந்தவர். ஃபிளாட்ஃபோர்ட் மில் அவருடைய அப்பாவின் சொத்து. பையன் ஃபென் லேன் என்ற சந்து வழியாக வயல்களைக் கடந்து, ஆற்றைத் தாண்டி, டெடமில் பள்ளிக்குப் போவான். அந்தச் சந்தைத்தான் பிற்பாடு 1826இல் 'சோள வயல்' ('தி கார்ன்ஃபீல்ட்') என்ற படமாக வரைந்தார். 'கார்ன்' என்றால் இங்கே கோதுமைதான், நம் சோளம் இல்லை, படத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆற்றுக்குள் வண்டி நிற்கும் 'ஹே வெய்ன்' 1821இல் வரைந்தது. அதில் இடப்பக்கம் தெரியும் வெள்ளை வீடு இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை: முதல் வாரம் பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டுங்கள், அடுத்த வாரம் அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். எந்த மரம் இல்லை, எது மாறியிருக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

இன்னொரு படமும் உண்டு, 'தாவும் குதிரை', 1825, ராயல் அகாடமியிடம் இருக்கிறது. ஸ்டூர் அந்தக் காலத்தில் சரக்குப் படகு ஓடிய ஆறு. 1705ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அதைப் படகுப் போக்குவரத்துக்குத் தயார்செய்தார்கள். கரையில் நடக்கும் குதிரை கயிறு கட்டிப் படகை இழுக்கும். மாடுகள் அடுத்தவன் வயலுக்குப் போய்விடாமலிருக்கப் பாதையின் குறுக்கே மூன்றடி உயரத்துக்குத் தடுப்பு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டக் குதிரைகளைப் பழக்கியிருந்தார்கள். ஒரு கரையில் பாதை முடிந்துவிட்டால் குதிரையையே படகில் ஏற்றி மறுகரையில் இறக்குவார்களாம்.

குதிரைக்குப் பழக்கம் கொடுத்தார்கள், சரி. முழங்கால் வலியோடு புடவை கட்டி வரும் நம் அம்மாக்களுக்கு யார் கொடுப்பது? ஏனென்றால் அதே மாதிரித் தடுப்புகள் இங்கிலாந்து வயல்வெளியில் இன்னும் இருக்கின்றன. வேலியின் நடுவே இரண்டு பலகையைப் படியாகச் செருகி, ஏறிக் காலைத் தூக்கிப்போட்டு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஸ்டைல் என்பார்கள். இளைஞர்களுக்கு அது விளையாட்டு. மூட்டு தேய்ந்தவர்களுக்கு நடை அந்த இடத்திலேயே முடிந்துவிடும், ஈரப் பலகையில் வழுக்கினால் இடுப்பும் முறியும். கையேடுகளில் 'மென்மையான நடை, அனைவருக்கும் ஏற்றது' என்று அச்சடித்திருப்பார்கள். எத்தனை ஸ்டைல் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தால் நம் அதிர்ஷ்டம். அந்த 'மென்மை'யை எழுதியவருக்கு முழங்கால் நன்றாக இருந்திருக்க வேண்டும். அதனால் எந்த நடையையும் அறிவிப்பதற்கு முன்னால் குழுவில் ஒருவர் போய் நடந்து பார்த்துவிட்டு வரட்டும். தூரம் முக்கியமில்லை. ஸ்டைல் எத்தனை, கழிவறை எங்கே, உட்காரப் பெஞ்ச் உண்டா, வழியில் மாடு உண்டா என்ற நாலும் தெரிந்தால் போதும்.

இதில் சங்கங்கள் கவுன்சில்களிடம் கேட்கவும் இடமிருக்கிறது. ஸ்டைலையும் கேட்டையும் பழுதில்லாமல் வைத்திருப்பது நில உரிமையாளரின் கடமை. அந்தச் செலவில் குறைந்தது கால் பங்கைக் கவுன்சில் தர வேண்டும் என்கிறது 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். புதிதாக ஒன்று வைப்பதற்கு பிரிட்டிஷ் தரவிதி ஒன்றும் இருக்கிறது: வெறும் இடைவெளி விட முடிந்தால் அதுவே போதும், மாட்டுக்காக அடைத்தே ஆக வேண்டும் என்றால் கேட் வையுங்கள், ஸ்டைல் கடைசித் தேர்வுதான். நீங்கள் அடிக்கடி நடக்கும் பாதையில் உடைந்த ஸ்டைல் இருந்தால், அதை எடுத்துவிட்டு கேட் வைக்க முடியுமா என்று கவுண்டி கவுன்சிலுக்கு எழுதுங்கள். ஒருவர் எழுதினால் புகார், ஒரு சங்கம் எழுதினால் அதற்குக் கனம் வேறு. ஸ்டூர் கரையில் மட்டும் எந்தக் கரை என்று பார்த்து எழுத வேண்டும், எசெக்ஸ் கவுன்சிலுக்கு எழுத வேண்டியதை சஃபோக்குக்கு அனுப்பினால் கடிதம் ஆற்றைத் தாண்டவே ஒரு மாதம் ஆகும்.

வயலுக்குள் பாதை போகும் இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் வருவதைப் பார்த்திருக்கிறேன். பாதை நேராகக் கோதுமைக்கு நடுவே போகும். பயிரை மிதிக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள், ஓரமாக வரப்பைச் சுற்றிப் போய்விடலாம் என்பார்கள். நல்ல மனசுதான், ஆனால் சட்டம் இங்கே நேர்மாறு. நடக்கும் உரிமை நடுவே போகும் அந்தக் கோட்டுக்குத்தான், ஓரத்துக்கு இல்லை. வயலின் நடுவே போகும் பாதையை உழுதால் 14 நாளுக்குள், அடுத்து விதைப்பு மாதிரி ஏதாவது வேலை செய்தால் 24 மணி நேரத்துக்குள், நடைபாதையைக் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு விவசாயி திருத்தித் தர வேண்டும், பயிர் மேலே வளரவும் விடக் கூடாது. வயலோரமாகப் போகும் பாதையை உழவே கூடாது. ஆகவே மஞ்சள் அம்பு நேராகக் காட்டினால், வரிசையாக ஒருவர் பின் ஒருவராக நேரே போங்கள். மஞ்சள் நடப்பவர்களுக்கு, நீலம் குதிரையும் சைக்கிளும் கூடப் போகும் வழிக்கு.

மாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகவே சொல்ல வேண்டும். பசுவைக் கண்டதும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகும் பாட்டிகளைத் தடுத்து நிறுத்துங்கள். இங்கே மேய்ச்சலில் இருப்பவை கயிற்றில் கட்டி வளர்ந்த வீட்டு மாடுகள் இல்லை, மனிதக் கை அதிகம் படாத மந்தை. கன்றோடு இருந்தால் இன்னும் கவனம், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது. சத்தம் போடாமல், ஓடாமல், தள்ளி நடந்து கடந்துவிடலாம். நாய் கூட வந்து மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள், அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விட்டும், மூடியிருந்தால் மூடிவிட்டு வர வேண்டும். மற்றதெல்லாம் நமக்குத் தெரிந்த மரியாதைதான்.

ஹாரோ, வெம்பிளிப் பக்கம் இருப்பவர்கள் ஸ்டூர் வரை போக வேண்டியதில்லை. மெட்ரோபாலிட்டன் லைனில் ஏறி சோர்லிவுட்டிலோ செஷமிலோ இறங்கினால் செஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. லண்டன் முதியோரின் இலவசப் பயண அட்டையான ஃப்ரீடம் பாஸ் அதுவரை செல்லும் என்பது பல பெரியவர்களுக்கே தெரியாது. செஸ் ஒரு சுண்ணாம்புப் பாறை ஆறு. மழைநீர் பாறைக்குள் இறங்கி, வடிகட்டிக்கொண்டு ஊற்றாக வெளியே வரும். அதனால் தண்ணீர் கண்ணாடி, அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும். உலகத்தில் இந்த வகை ஆறுகள் இருநூறு, முந்நூறுதான், அதில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் இருக்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் வாட்டர்கிரெஸ் என்ற கீரையைத் தண்ணீர்ப் பாத்தியில் வளர்த்து லண்டன் சந்தைக்கு அனுப்பினார்கள். கீரையைக் கண்டால் நம் அம்மாக்களுக்குக் கை சும்மா இருக்காது என்பதால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: ஆற்றில் தானாக வளர்வதைப் பறித்துப் பச்சையாகத் தின்னக் கூடாது, ஆடு மாடு மேயும் இடத்துத் தண்ணீரில் ஈரல் புழு தொற்றும். ஆகஸ்ட், செப்டம்பரில் வேலியோரம் கறுத்துத் தொங்கும் பிளாக்பெரியைத் தாராளமாகப் பறிக்கலாம். ஒன்று, சோர்லிவுட்டிலிருந்து ஆற்றுக்குப் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். மெதுவாக ஏற நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ கூட வந்தால் வயலை விட்டுவிட்டுக் கால்வாய்க் கரைக்குப் போவதே நல்லது. ஆல்பர்டனில் காய்கறி வாங்கும் அதே ஈலிங் ரோட்டுக்குக் கீழேதான் கிராண்ட் யூனியன் கால்வாய் ஓடுகிறது. ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டுக்காரர்களுக்கு லீ ஆறு பக்கம். கிங்ஸ்டன், நியூ மால்டன் ஆட்களுக்குத் தேம்ஸ் பாதை இருக்கிறது, அதில் ஹாம்டன் கோர்ட் வரை கரையோரமாகவே போகலாம்.

நிர்வாகக் குழுக்களில் வரக்கூடிய மறுப்புகளும் எனக்குத் தெரியும். 'நம்ம சனம் வராது' என்பது முதல் மறுப்பு. கோச் எடுத்தால் வருகிறவர்கள், ரயிலடியில் கூடினாலும் வருவார்கள், சாப்பாடு உண்டு என்று சொன்னால் போதும். புளியோதரைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் கிடையாது. 'அங்கே நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்' என்பது இரண்டாவது, அது பொய்யில்லை. தேசியப் பூங்காக்கள் மாதிரியான இடங்கள் தங்களுக்கானவை இல்லை என்று சிறுபான்மையினர் பலர் நினைப்பதை, அரசே நியமித்த நிலப்பரப்பு ஆய்வுக் குழுவின் அறிக்கை 2019இல் ஒப்புக்கொண்டது. என் அனுபவத்தில் எதிரே வருகிறவர் பெரும்பாலும் 'மார்னிங்' சொல்லிவிட்டுப் போவார், நாமும் சொன்னால் முடிந்தது. எப்போதாவது முறைத்துப் பார்ப்பவரும் உண்டு. அதற்காகப் பாதையை அவருக்கே விட்டுக்கொடுப்பதற்கு நான் உடன்படமாட்டேன். இந்த உரிமைகளே சும்மா கிடைத்தவை இல்லை. 1932 ஏப்ரல் 24 அன்று பெரும்பாலும் மான்செஸ்டர், ஷெஃபீல்டு பக்கத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலத்தில் அனுமதியில்லாமல் கூட்டமாக ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். நிலப்பிரபுக்களின் காவலாட்கள் அவர்களையும் 'ஒரு மாதிரி'தான் பார்த்திருப்பார்கள்.

கழிவறை மூன்றாவது மறுப்பு. அதற்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை. கிராமப்புறத்தில் பொதுக் கழிவறை குறைவு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பெரிய கவலை. ஃபிளாட்ஃபோர்ட் மாதிரி டீக்கடையும் கழிவறையும் இருக்கும் இடத்தை நடுவில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டியிருக்கும்.

நடத்தும் முறையைப் பற்றியும் கொஞ்சம். தயவுசெய்து ஐம்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு மீட்டர் பாதையில் ஐம்பது பேர் நின்றால் அது நடையில்லை, ஊர்வலம். பதினைந்து பேர் போதும். அதற்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாக வேறு வேறு நேரத்தில் புறப்படுங்கள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், கடைசி ஆள் யாரையும் பின்னால் விடக் கூடாது. பேனர் வேண்டாம், புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம், வயல் நடுவில் பொன்னாடை வேண்டவே வேண்டாம். புடவைக்குக் கீழே டிரெய்னர்ஸ் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழங்காலுக்குக் கீழே காலை மூடாத கவுன் மாதிரி எதுவும் போட்டால் ஜூன், ஜூலையில் பாதையோர நெட்டில் செடி கடித்துவிடும், நம் காஞ்சொறியின் அண்ணன் அது.

வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். பள்ளிகளில் 'டியூக் ஆஃப் எடின்பரோ' விருதுக்காகப் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் முதுகில் பை மாட்டி வரைபடத்தோடு ஊர் ஊராக நடக்கிறார்களே, அவர்கள்தான். நாட்டின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் விட்டு விட்டு வரும் பச்சைக் கோடுகள் எதைக் காட்டுகின்றன என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கலைவிழாவில் மனப்பாடமாகத் திருக்குறள் சொன்னதற்குக் கோப்பை கொடுக்கிறோம். தாத்தா பாட்டிமாரை ஓர் ஆற்றங்கரையில் வழிதவறாமல் கூட்டிப்போய் வந்ததற்கும் ஒன்று கொடுக்கலாம். போகிற வழியில் தாத்தா தமிழில்தான் பேசுவார். அந்த இரண்டு மணி நேரம் எந்த வகுப்பறையிலும் கிடைக்காது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பேசும் பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சங்கத்தின் காப்பீடு வெளி நிகழ்ச்சிகளுக்குச் செல்லுமா என்று பொருளாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான நடைகளை நடத்திப் பழகிய ராம்ப்ளர்ஸ் அமைப்பு, தொண்ணூறு நிமிடத்துக்கு மிகாத இலவச நலநடைகளைப் பல ஊர்களில் நடத்துகிறது. உங்களில் இரண்டு பேர் முதலில் அவர்களோடு ஒருமுறை போய்வந்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். முதல் நடையை மே மாதத்தில் வைத்துக்கொள்ளலாம், வேலிகளில் ஹாதார்ன் வெள்ளையாகப் பூத்திருக்கும், சேறும் காய்ந்திருக்கும். செஸ் பள்ளத்தாக்கோ ஸ்டூர் கரையோ எது என்றாலும், முன்னதாக நடந்து பார்த்து ஸ்டைல்களை எண்ணிக்கொண்டு வர நான் தயார். தேதியை மட்டும் பள்ளித் தேர்வுக் காலத்தில் வைக்காதீர்கள், வழிகாட்டும் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

அன்புடன்,
எசெக்ஸில் வசிக்கும் ஒரு சங்க உறுப்பினர்